திண்ணையிலிருந்து லண்டன் போன பாடம்

1789. சென்னை எழும்பூரில், கிழக்கிந்தியக் கும்பெனிப் படையினரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி. பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல்லுக்குத் தலைவலியாக இருந்தவர்கள் பிள்ளைகள் அல்ல, வாத்தியார்கள். கொஞ்சம் பழகியதும் கூடுதல் சம்பளம் தேடிப் போய்விடுவார்கள். இருந்தவர்களோ புது யோசனை எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை.

ஒருநாள் காலை குதிரையில் போகும்போது, ஒரு நாட்டுப் பள்ளியில் பொடிசுகள் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைப் பார்த்தார் பெல். தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். கீழ் வகுப்பு ஆசிரியர் நடக்காது என்று கைவிரித்தார். பெல் அந்த வகுப்பை ஜான் ஃபிரிஸ்கின் என்ற 8 வயதுப் பையனிடம் ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டினான். அதன்பின் வகுப்பு வகுப்பாகப் பையன்களே பையன்களுக்குப் பாடம் சொன்னார்கள். எழுத்தும் கணக்கும் அப்படியே நடந்தன.

1797-ல் பெல் இதை லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பரவியது. அடுத்த ஆண்டே ஜோசஃப் லங்காஸ்டர் லண்டனில் இதேபோன்ற பள்ளி தொடங்கினார். 1811-ல் பிறந்த நேஷனல் சொசைட்டி, பெல் வழியில் பள்ளிகளை நிறுவியது.

மணல் நம்மூர்ச் சரக்கு என்று ஒப்புக்கொண்ட பெல், பிள்ளையே பிள்ளைக்குக் கற்பிப்பதைத் தம் கண்டுபிடிப்பு என்றே சொன்னார். நம் திண்ணைப் பள்ளிக்கோ அது அன்றாட வழக்கம். வாத்தியார் வருமுன்பே, மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை எண்சுவடியை ஆரம்பித்துவிடுவான். 'ஈரைந்து பத்து, மூவைந்து பதினைந்து' என்று அவன் குரல் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள். கால், அரைக்கால், மாகாணி தாண்டி, 320-ல் ஒரு பங்கான முந்திரி வரை பின்னங்கள் வாய்க்குப் பழகிவிடும்.

இதற்கு அரசாங்கச் சாட்சியும் உண்டு. 1792 முதல் நம் கிருஷ்ணகிரிச் சீமையான பாராமகாலில் வரி அதிகாரியாக இருந்த தாமஸ் மன்றோ, கவர்னரானபின் 1822-ல் சென்னை மாகாணம் முழுக்கப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள் இருப்பதாகத் தெரிந்தது. பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823-ல் அனுப்பிய அறிக்கையில், முன்னேறிய மாணவர் பின்தங்கியவருக்குச் சொல்லிக்கொடுத்துத் தானும் உறுதிப்படுவதைப் பாராட்டி, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்று எழுதினார்.

இங்கிலாந்தில் இந்த முறை பின்னர் நொடித்ததற்கும் காரணம் உண்டு. ஒரே ஆசிரியர் ஆயிரம் பேரைச் சமாளிக்கலாம் என்றார் லங்காஸ்டர். செலவு மிச்சம் என்பதே பெரிதாகி, படிப்பு வெறும் ஒப்பித்தலாகச் சுருங்கியது. 1846 முதல் அரசு உதவியோடு பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள நம் கெலமங்கலம் வட்டாரத்துக்கு இந்தக் கதை வெறும் பழம்பெருமை அல்ல. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் இங்கே ஏராளம். ஓசூர்த் தொழிற்சாலைகளை நம்பி வந்த வடமாநிலக் குடும்பங்களும் உண்டு. 42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை 35 என்று எழுதும். 2-லிருந்து 7 போகாது என்பதால் 7-லிருந்து 2-ஐக் கழித்துவிடும். ஐந்தாம் வகுப்பு அக்காவுக்கு அந்தத் தப்பு உடனே பிடிபடும், மூன்று வருஷம் முன்பு அவளும் செய்ததுதானே! பத்துப் பத்தாகக் கட்டிய தீக்குச்சிகளில் ஒரு கட்டைப் பிரித்துப் போட்டு, கடன் வாங்குவதை வீட்டுமொழியிலேயே சொல்லிவிடுவாள். பன்னிரண்டு குச்சியில் ஏழு போனால் ஐந்து, மிச்சமுள்ள மூன்று கட்டில் ஒன்று போனால் இரண்டு, விடை 25. சொல்லிக்கொடுப்பதில் அவளுக்கும் இடமதிப்பு உறுதிப்படும்.

ஆனால் அந்த அக்காவின் சொந்தப் பாடம் கெடக்கூடாது. அவள் சொல்லிக்கொடுத்ததை ஆசிரியர் பக்கத்தில் இருந்து சரிபார்க்க வேண்டும். காலியாகக் கிடக்கும் ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாமல் இருப்பதற்கு இதைச் சாக்காக்கவும் கூடாது. சட்டாம்பிள்ளை வாத்தியாருக்குத் துணைதான், மாற்று அல்ல.