தொழில் மின்னஞ்சலும் பேக்அப்பும்: சிறு வணிகர்கள் எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிக் காப்பது?

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம், 1917-இல் கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. தோட்டக் கணக்கெல்லாம் அப்போது கிராணியின் செக்ரோல் புத்தகத்தில் இருந்தது. இன்று பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் பக்கம் லாரி ஓட்டுபவர், கேட்டரிங் செய்பவர், தோட்டக் குத்தகை எடுப்பவர் என எல்லாருடைய கணக்கும் ஒரு கைப்பேசியிலும் ஒரு மின்னஞ்சல் பெட்டியிலும்தான் இருக்கிறது. அது தொலைந்தால் என்ன ஆகும்?

ஏன் இப்போது இது முக்கியம்?

வருமான வரிச் சட்டப்படி, தொழில் ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 1 முதல் மின்-விலைப்பட்டியல் முறை கட்டம் கட்டமாக நடப்புக்கு வந்துள்ளது. அனுப்பிய பில்லில் தவறு இருந்தால், அது சரிபார்க்கப்பட்ட 72 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். மின்னஞ்சலை ஒரு வாரம் திறக்காமல் விட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

இலவச ஜிமெயில் போதாதா?

தனி ஆளாகத் தொழில் தொடங்கும்போது போதும். ஆனால் அதில் மூன்று சிக்கல்கள் உண்டு.

• கிடைக்கும் 15 ஜிபி இடத்தைப் படங்களும் கோப்புகளும் பங்கு போட்டுக்கொள்ளும். அது நிரம்பிவிட்டால் புது மின்னஞ்சல் வராது.

• கணக்கு திறந்தவர் பெயரில்தான் இருக்கும். தம்பியோ, முன்னாள் ஊழியரோ திறந்த கணக்கு என்றால், அவர் விலகும்போது வாடிக்கையாளர் தொடர்பும் அவரோடு போய்விடலாம்.

• உங்கள் கடைப் பெயரோடு ஓர் எழுத்தை மாற்றி யார் வேண்டுமானாலும் இன்னொரு இலவசக் கணக்கு திறக்கலாம்.

எனவே இரண்டு, மூன்று பேர் வேலை செய்யும் நிலை வந்ததும் சொந்த டொமைன் வாங்குவது நல்லது. .மை முகவரிகளை நிர்வகிப்பது மைநிக் நிறுவனம். .காம்.மை முகவரிக்குத் தொழில் பதிவு ஆவணம் தேவை. டொமைனை வெப்சைட் செய்து கொடுப்பவர் பெயரில் விடாதீங்க. உரிமையாளர் பெயரிலேயே பதிவு செய்யுங்கள்.

எந்தச் சேவையை எடுப்பது?

தினமும் எதில் வேலை செய்கிறீர்களோ, அதை வைத்து முடிவு செய்யலாம். கைப்பேசியும் கூகள் ஷீட்டும்தான் உங்கள் அலுவலகம் என்றால் கூகள் வொர்க்ஸ்பேஸ் எளிது. எக்செல், வேர்ட் இல்லாமல் வேலை ஓடாது என்றால் மைக்ரோசாப்ட் 365. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா 2025 அக்டோபரில் ஸோஹோ மெயிலுக்கு மாறியதாக அறிவித்தார்.

கட்டணம் ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும். அதனால் எல்லாருக்கும் தனிப் பெட்டி வாங்கத் தேவையில்லை. 'கணக்கு', 'விற்பனை' போன்ற பொது முகவரிகளை, ஏற்கெனவே உள்ள ஒரு பெட்டிக்கே வரும்படி அமைக்கலாம்.

கிளவுடில் இருந்தால் பேக்அப் தேவையா?

தேவை. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். கிளவுட் என்பது சேமிப்பு இடம். நீங்கள் அழித்தால் அங்கும் அழியும். கூகளில் குப்பைத் தொட்டிக்குப் போன மின்னஞ்சல் 30 நாளில் நீங்கிவிடும். அதன்பின் வொர்க்ஸ்பேஸ் நிர்வாகிக்கு இன்னும் 25 நாள் அவகாசம் உண்டு. ஊழியர் விலகியதும் அவருடைய கணக்கையே நீக்கினால், 20 நாளுக்குள் மீட்க வேண்டும். 7 ஆண்டு கடமைக்கு இந்த நாள்களெல்லாம் எங்கே போதும்?

பெரிய அமைப்புகளும் இதில் தப்பவில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் பயன்படுத்திய 858 டெராபைட் சேமிப்பகம் அழிந்தது. அதற்கு வெளியில் நகல் இல்லை.

3-2-1 விதி என்றால் என்ன?

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய எளிய விதி இது: 3 நகல்கள், 2 வகைச் சாதனங்கள், 1 நகல் வேறு இடத்தில்.

உதாரணமாக, அசல் கோப்பு கணினியில், இரண்டாவது நகல் கிளவுட் பேக்அப் சேவையில், மூன்றாவது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில். அந்த டிஸ்கைக் கடையிலேயே வைக்காமல், மேட்டுப் பகுதியில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். 2021 டிசம்பரில் சிலாங்கூர் கண்ட வெள்ளத்தில் கணினியும், பக்கத்திலேயே இருக்கும் டிஸ்கும் சேர்ந்தே மூழ்கியிருக்கும்.

டிஸ்கை எப்போதும் கணினியில் செருகியும் வைக்காதீங்க. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் அதையும் பூட்டிவிடும். 2017-இல் நாட்பெட்யா தாக்குதலில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிக் கட்டமைப்பே முடங்கியது. கானா அலுவலகத்தில் மின்வெட்டு ஏற்பட்டதால் அங்கிருந்த ஒரு சர்வர் மட்டும் தப்பியது. நிறுவனத்தை மீட்க உதவியது அந்த ஒரு நகல்தான்.

மாதம் ஒருமுறை செய்ய வேண்டியவை

• எல்லாக் கணக்குகளிலும் இரு கட்டச் சரிபார்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

• விலகிய ஊழியரின் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். தரவை எடுத்த பிறகே கணக்கை நீக்குங்கள்.

• எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் அமைப்புகள் சரியாக உள்ளனவா என்று சேவை நிறுவனத்திடம் கேளுங்கள். உங்கள் பெயரில் போலி மின்னஞ்சல் போவதை இவை கட்டுப்படுத்தும். இவை இல்லாவிட்டால் உங்கள் பில் ஸ்பேமுக்குப் போகலாம்.

• பேக்அப்பிலிருந்து ஒரு பழைய பில்லை எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்க முடியாத பேக்அப், பேக்அப்பே இல்லை.

பணம் போய்விட்டால்?

"எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று வரும் மின்னஞ்சலை அப்படியே நம்பாதீங்க. ஏற்கெனவே தெரிந்த எண்ணில் அழைத்துக் கேளுங்கள். பணம் அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் வங்கிக்கும் 997 என்ற மோசடி உதவி எண்ணுக்கும் அழையுங்கள். கணக்கு ஊடுருவப்பட்டால் சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 பிரிவில் புகார் செய்யலாம்.

வாடிக்கையாளர்களின் ஐசி எண் போன்ற விவரங்கள் கசிந்து, அதனால் அவர்களுக்குப் பெரும் பாதிப்பு வரக்கூடும் என்றால், அதைத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இந்த விதி 2025 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது.