டையெத்தில்கார்பமசின் (டி.இ.சி.)

யானைக்கால் நோயை உண்டாக்கும் நூற்புழுக்களுக்கு எதிரான மருந்து. தமிழ்நாட்டில் ‘யானைக்கால் மாத்திரை’ என்றாலே பெரும்பாலும் இதுதான்.

இந்நோய்ப் புழுவின் குஞ்சுகள் மனித இரத்தத்தில் இருப்பதை 1872இல் கல்கத்தாவில் மருத்துவர் லூயிஸ் கண்டார். 1877இல் சீனாவின் அமோய் நகரில் மருத்துவர் மேன்சன் அவற்றைக் கொசுவின் உடலில் கண்டார். நோய் பரவுவதில் கொசுவுக்குப் பங்குண்டு என்று இப்படித் தெரியவந்த பின்னும், ஏறக்குறைய 70 ஆண்டுகள் நம்பத்தக்க மருந்து கிடைக்கவில்லை. ஆர்செனிக், ஆன்டிமனி உப்புகளையே முயன்று பார்த்தார்கள். அவை நோயாளியையும் வாட்டின. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குச் சென்ற அமெரிக்கப் படைவீரர்களுக்கும் இந்நோய் தொற்றிய பிறகே தேடல் விரைவு பெற்றது. ஏழை நாடுகளின் நோய்க்கு மருந்து தேட இப்படியொரு காரணம் வேண்டியிருந்தது.

கண்டுபிடிப்பின் தலைமைப் பெருமை எல்லாப்பிரகட சுப்பாராவுக்கு (1895–1948) உரியது. பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு அமெரிக்கா சென்று, லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சி இயக்குநரானார். அவருடைய குழுவில் இருந்த ஹெவிட், பருத்தி எலிகளிடமும் நாய்களிடமும் வாழும் நூற்புழுக்கள்மீது பல சேர்மங்களைச் சோதித்தார். தேறியது பைப்பரசின் வழிவந்த டி.இ.சி. 1947இல் போர்ட்டோ ரிக்கோ நோயாளிகளிடம் அதன் பயன் உறுதியானது. ‘ஹெட்ரசான்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே சுப்பாராவ் காலமானார்.

சோதனைக் குழாயில் இம்மருந்தில் இட்ட குஞ்சுகள் எளிதில் சாவதில்லை. உடலுக்குள் மட்டும் விரைவில் மறைகின்றன. நோயாளியின் எதிர்ப்பாற்றலும் சேர்ந்தே அவற்றை அழிக்கிறது. மாத்திரைக்குப் பின் வரும் காய்ச்சலும் தலைவலியும் பெரும்பாலும் புழுக்கள் மடிவதன் விளைவு. இதை முன்கூட்டிச் சொல்லாததால் மாத்திரையைத் தூர எறிந்தவர்கள் உண்டு.

1955இல் தொடங்கிய தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பல நாள் தொடர்ந்து மருந்து உண்ண வேண்டியிருந்தது. நலமாக இருப்பவர்கள் அதற்கு இசையவில்லை. 1980களில் காரைக்காலில் சமையல் உப்பிலேயே மருந்தைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். நிலைத்த வழி ஆண்டுக்கு ஒரே வேளை மாத்திரைதான். திட்டக்குடியும் விருத்தாசலமும் அடங்கிய கடலூர் மாவட்டத்தில் 1996இல் அது தொடங்கியது. தமிழ்நாட்டில் இதுவே முதல். 15 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு 300 மில்லிகிராம், 6 முதல் 14 வயதினருக்கு 200, 2 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு 100. கர்ப்பிணிகளுக்குத் தரப்படாது. வீடு தேடி வரும் பணியாளரின் கண்முன்னேயே விழுங்க வேண்டும். இரவில்தான் குஞ்சுகள் மேற்பரப்பு இரத்தத்துக்கு வருகின்றன என்பதால், நோயைக் கண்டறிய இரத்த மாதிரியும் இரவில் எடுக்கப்பட்டது.

முற்றிய வீக்கத்தை இம்மருந்து வற்ற வைக்காது. காலை நாள்தோறும் கழுவித் துடைத்துப் புண் வராமல் காப்பதே வீக்கம் முற்றியவர்களுக்கு வழி.

பின்னாளில் அல்பெண்டசோலும், சில மாவட்டங்களில் ஐவர்மெக்டினும் டி.இ.சி.யுடன் சேர்ந்தன. பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நோயை ஒழித்ததாக இலங்கை 2016இல் சான்று பெற்றது. இந்தியாவின் இலக்கு 2027.