படுக்கைப் புண்: விதியா, கணக்கா?

"முதுகுல புண்ணு வந்துட்டா அப்புறம் நாளை எண்ண வேண்டியதுதான்" என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். மறையூர் வெல்லமும் காந்தலூர்ப் பூண்டும் வாங்கப் போய்வந்த காலத்தில் அஞ்சுநாட்டுத் தமிழ் வீடுகளிலும் இதே பேச்சை நான் கேட்டதுண்டு. நான் மருத்துவன் அல்லன். கடை வைத்துப் பிழைப்பவன். ஆயினும் இந்தப் பேச்சின் வேரைத் தேடிப் படித்தபோது, ஐரோப்பாவிலும் இதே வழக்கு நடந்திருக்கக் கண்டேன்.

பாரிசில் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் சார்க்கோ, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நரம்பு கெட்டதனாலேயே புண் வருகிறது, அது சாவின் முன்னறிவிப்பு என்று கருதினார். அவர் சொல்லுக்கு முன்பே, 1853-ல், பிரவுன்-செக்கார் விலங்குகளில் சோதித்துப் பார்த்திருந்தார். தண்டுவடம் அறுபட்ட விலங்கையும் அழுத்தமும் சிறுநீர் ஈரமும் படாமல் காத்தால் புண் வரவில்லை. ஆனாலும் சார்க்கோவின் பெயருக்கே மதிப்பு அதிகம் இருந்தது. விதி என்று சொல்லிவிட்டால் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை பாருங்க!

இந்த வழக்கில் கணக்கேட்டைக் கொண்டுவந்தவர் ஒரு செவிலியர். இங்கிலாந்தின் டோரீன் நார்ட்டன், தம் கூட்டாளிகளோடு முதியோர் மருத்துவமனைகளில் ஆய்ந்து, 1962-ல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், படுத்தபடி அசையும் திறன், மலசலக் கட்டுப்பாடு என்று ஐந்து தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 20, 14-ம் அதற்குக் கீழும் ஆபத்து.

பக்கவாதம் வந்து படுத்த ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். உடல்நிலை சுமார், 3. புத்தி தெளிவு, 4. படுத்த படுக்கை, 1. புரள முடிவது மிகக் கொஞ்சம், 2. சிறுநீர் பெரும்பாலும் கட்டுப்படவில்லை, 2. கூட்டினால் 12. தோலில் ஒரு கீறலும் இல்லாத அன்றைக்கே கணக்கு எச்சரித்துவிட்டது. சரக்கு கெட்டபின் எண்ணுவதில் என்ன லாபம்?

அமெரிக்காவில் பிரேடனும் பெர்க்ஸ்ட்ராமும் 1987-ல் வெளியிட்ட அளவுகோல் உணர்வு, ஈரம், உணவு, உராய்வு ஆகியவற்றையும் சேர்த்தது. அதில் மொத்தம் 23. 18-ம் அதற்குக் கீழும் ஆபத்து.

அளவுகோல்கள் வந்தது வெள்ளைத்தோல் நாடுகளிலிருந்து என்பதை மறக்கக் கூடாது. புண்ணின் முதல் அடையாளம் சிவப்பு என்று அங்கே எழுதினார்கள். நம்ம கருந்தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. அதனால் வால் எலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களைத் தினமும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ, கெட்டியாகவோ கொளகொளவென்றோ இருந்தால், நோயாளி வலிக்கிறது என்றால், அதுவே அறிகுறி. அந்த இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே நசுங்கி இரத்தம் ஓடாத சதை, தேய்த்தால் மேலும் கெடும்.

விதி என்ற சொல்லுக்கு நம் பக்கத்திலேயே ஒரு பதில் உண்டு. கொச்சிப் பகுதியில் பிறந்த மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். அவர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவை செய்தார், பின்னர் வேலூரில் மறுவாழ்வுத் துறையை நடத்தினார். 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார். விபத்துக்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1986-ல் மறைந்தார்.

கேரள அரசு 2008-ல் வலி தணிப்புச் சிகிச்சைக்குக் கொள்கை வகுத்து, செவிலியர் வீடு தேடிவரும் முறையைப் பஞ்சாயத்துகளின் பொறுப்பாக்கியது. காந்தலூர் போன்ற மலைப்பஞ்சாயத்துகளுக்கு இது பெரிய துணை. ஆனால் செவிலியர் தினமும் வரமாட்டார். மற்ற நாட்களில் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும், ஈரத்துணி மாற்றுவதும், பருப்பும் பாலும் குறையாமல் கொடுப்பதும் வீட்டாரின் கையில்தான். ஐந்து தலைப்புகளையும் ஒரு தாளில் எழுதிக் கட்டிலருகே ஒட்டி வையுங்கள். வாரம் ஒருமுறையும், உடல்நிலை மாறும்போதெல்லாமும் கூட்டிப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளைகூட அந்தக் கணக்கைப் போட்டுவிடும்.