சாம்பலில் தொடங்கிய ரொட்டி

1790 ஜூலை 31. அமெரிக்கா என்ற புதிய நாடு அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் மேசைக்கு ஒரு தாள் வந்தது. அந்த நாடு வழங்கிய முதல் காப்புரிமைப் பத்திரம். சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவர் புதிதாகக் கண்டுபிடித்தது துப்பாக்கியோ எந்திரமோ அல்ல. விறகுச் சாம்பலிலிருந்து பொட்டாஷும், அதை இன்னும் சுத்தமாக்கிய 'முத்துச் சாம்பல்' என்ற வெள்ளை உப்பும் எடுக்க ஒரு நல்ல வழி, அவ்வளவுதான். சோப்புக் காய்ச்சுகிறவர்களுக்கும் கண்ணாடி செய்கிறவர்களுக்கும் அந்த உப்பு இல்லாமல் பிழைப்பு ஓடாது. வாஷிங்டன் கையெழுத்துப் போட்டார். அந்தச் சாம்பல் உப்பு சோப்புப் பட்டறையோடு நிற்காமல் சமையலறைக்குள்ளும் நுழையும் என்று அந்த அறையில் இருந்த யாருக்கும் தோன்றியிருக்காது.

அன்றைக்கு ரொட்டி என்றால் ஈஸ்ட். இட்லிக்கு மாவு பொங்கக் காத்திருப்பதுபோல, பிசைந்த மாவைப் போர்த்தி வைத்து மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குளிர் அதிகமானால் மாவு எழும்பாது. அன்றைய உழைப்பு வீண். 1796-இல் ஹார்ட்ஃபோர்ட் நகரில் சின்னதாக ஒரு சமையல் புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் அமீலியா சிம்மன்ஸ். முகப்பிலேயே தன்னை ஓர் அநாதை என்று சொல்லிக்கொண்டவர். அதில் சில பலகாரங்களுக்கு முத்துச் சாம்பலைச் சேர்க்கச் சொல்லியிருந்தார். புளித்த பாலோடு அது சேர்ந்ததும் நுரைத்துக் கரியமில வாயுவைக் கக்கும். மாவு நிமிடங்களில் உப்பும். ஈஸ்ட் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். ஒரே ஒரு தொல்லை. மாவில் கொழுப்பு சேர்ந்தால் சோப்பு வாடை அடித்தது! சோப்புக்கென்றே பிறந்த உப்பு வேறு என்ன செய்யும்?

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தின் பர்மிங்காமில், ஆல்ஃப்ரெட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரருக்கு வேறு கவலை. அவர் மனைவி எலிசபெத்துக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. மனைவிக்காக 1837-இல் சோளமாவை வைத்து முட்டையில்லாத கஸ்டர்ட் செய்தார். இன்று நம் மளிகைக் கடைகளில் கிடைக்கும் கஸ்டர்ட் பவுடரின் மூலம் அதுதான். எலிசபெத்துக்கு ஈஸ்ட்டும் ஆகாது. சோப்பு வாடையில்லாத, ஈஸ்ட் இல்லாத ரொட்டிக்கு என்ன வழி? 1843-இல் அந்தக் கணவர் சமையல் சோடாவையும் ஓர் அமிலத் தூளையும் சேர்த்து ஒரு பொடி தயாரித்தார். பேக்கிங் பவுடர் பிறந்தது. உலகத்தில் எத்தனையோ கணவர்கள் மனைவிக்காகக் கவிதை எழுதியிருக்கிறார்கள். எனக்கென்னவோ பேர்ட்தான் உசத்தி. ஆனால் அந்த வகைப் பொடிக்கு வேண்டிய அமிலம் கிடைத்த இடம்தான் விசித்திரமானது.

ஒயின் பீப்பாய்களின் உள்சுவரில் படியும் கசடு! அதைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் கிடைப்பது க்ரீம் ஆஃப் டார்ட்டர். அமெரிக்காவில் சோடாவுக்குப் பஞ்சமில்லை. 1846-இலேயே ஜான் டுவைட்டும் ஆஸ்டின் சர்ச்சும் நியூயார்க்கில் அதைப் பொட்டலம் போட்டு விற்கத் தொடங்கிவிட்டார்கள். நம் ஊரில் ஆப்பசோடா என்று கேட்டு வாங்குகிறோமே, அதேதான். கசடுதான் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வர வேண்டும். விலையும் அதிகம், தரமும் நிலையில்லை. ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த எபன் நார்ட்டன் ஹார்ஸ்ஃபோர்டு இதற்கு மாற்று தேடினார். ஜெர்மனியில் லீபிக் என்ற வேதியியல் மேதையிடம் பாடம் கேட்டவர். (பிற்காலத்தில், வைக்கிங்குகள் பாஸ்டன் பக்கமாக வந்து ஊர் அமைத்தார்கள் என்று அடம்பிடித்து, லீஃப் எரிக்சனுக்கு அங்கே சிலை எழும்பவும் காரணமாக இருந்தார். மேதைகளுக்கு ஒரு பக்கம் இப்படித்தான்.) அவர் கண்ணில் பட்ட மூலப்பொருள், சமையலறைக்குள் யாரும் விரும்பி அனுமதிக்காத ஒன்று.

எலும்பு. எரித்த எலும்பில் கந்தக அமிலத்தைச் சேர்த்து ஒரு பாஸ்பேட் தூள் எடுத்தார். 1856-இல் காப்புரிமையும் வாங்கினார். சோடாவும் அந்தத் தூளும் ஒரே டப்பாவில் இருந்தால், காற்றின் ஈரமே போதும், அடுக்குக்குள்ளேயே ரகசியமாக வேலையை முடித்துவிடும். வீட்டுக்காரி திறக்கும்போது செத்த பொடிதான் மிஞ்சும். அதனால் முதலில் இரண்டையும் தனித்தனிப் பொட்டலமாக விற்றார்கள். பிறகு சோளமாவைக் கலந்து பார்த்தார்கள். அது ஈரத்தைத் தான் வாங்கிக்கொண்டு இரண்டையும் விலக்கி வைத்தது. ஒரே டப்பா, ஒரே கரண்டி. அடுப்பு தயார், பொடி தயார். அதில் விழ வேண்டிய பழம் மட்டும் இன்னும் அமெரிக்கக் கரைக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை.

1870-இல் லொரென்சோ டௌ பேக்கர் என்ற கப்பல் தலைவர், டெலிகிராஃப் என்ற தன் பாய்மரக் கப்பலுடன் ஜமைக்காவில் ஒதுங்கினார். ஊர் திரும்பும் கப்பலில் இடம் சும்மா கிடந்தது. சூதாட்டம்போல 160 வாழைத்தார்களை, தாருக்கு ஒரு ஷில்லிங் கணக்கில் வாங்கி ஏற்றினார். அழுகிவிட்டால் கடலில் கொட்ட வேண்டியதுதான். காற்று அவர் பக்கம் வீசியது. பதினோரு நாளில் ஜெர்சி சிட்டி. தார் ஒன்று இரண்டு டாலருக்குப் போனது! ஆறு ஆண்டுகள் கழித்து, கிரகாம் பெல் தன் டெலிபோனை உலகுக்குக் காட்டிய அதே பிலடெல்பியா கண்காட்சியில், ஒற்றை வாழைப்பழத்தை ஜிகினாத் தாளில் சுற்றிப் பத்து சென்ட்டுக்கு விற்றார்கள். அப்படிப்பட்ட ராஜபோகப் பழத்தை மசித்து மாவில் கலக்க எவருக்கு மனசு வரும்?

மனசு வரவைத்தது வியாபாரம். பேக்கரின் கம்பெனி வேறு சில கம்பெனிகளோடு சேர்ந்து 1899-இல் யுனைடெட் ஃப்ரூட் ஆனது. குளிரூட்டிய கப்பல்கள், ரயில்கள், மத்திய அமெரிக்காவில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தோட்டங்கள். அந்தத் தோட்டங்களுக்காகக் கவிழ்ந்த ஆட்சிகளின் கதை தனி. அதில் இனிப்பு கிடையாது. பேக்கிங் பவுடர் உலகமும் சும்மா இருக்கவில்லை. 1899-இல் மிசூரி மாநிலம், படிகாரம் கலந்த மலிவுப் பொடிகளுக்குத் தடை போட்டது. பொதுமக்கள் ஆரோக்கியத்துக்காக என்றார்கள். பின்னால் போட்டிக் கம்பெனியின் லஞ்சப் பணம் விளையாடியது அம்பலமாகி, மாநிலத் துணை ஆளுநரே 1903-இல் பதவி விலகினார். ஒரு கரண்டிப் பொடிக்கு இவ்வளவு அமர்க்களம்! இதற்குள் பொடியும் மலிவு, பழமும் மலிவு. இரண்டும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும், அவற்றைச் சேர்த்துவைக்க ஒரு பேரிடி தேவைப்பட்டது.

1929-இல் பங்குச் சந்தை சரிந்தது. வேலை போனவர்கள் தெருவில் வரிசைகட்டி நின்றார்கள். வீட்டில் எதையும் தூக்கிப் போட முடியாத காலம். வாழைப்பழமோ ஒரே சமயத்தில் மொத்தமாகக் கனிந்து, இரண்டே நாளில் தோல் கறுத்துவிடும் சாதி. கறுத்த பழத்தை என்ன செய்வது? விடை வருமுன் ஒரு ரயில் குறுக்கே வந்தது.

1930-இல் ஒரு இரவு, சான் ஃபிரான்சிஸ்கோ நோக்கிப் போன சதர்ன் பசிபிக் ரயிலில் கார்ல் ஸ்மித் சாப்பாட்டு நேரம் கழிந்து உணவுப் பெட்டிக்குள் நுழைந்தார். ஜெனரல் மில்ஸ் மாவுக் கம்பெனியின் விற்பனை அதிகாரி. ஆறிய மிச்சம் ஏதாவது கிடைத்தால் போதும் என்ற எண்ணம். வந்ததோ ஆவி பறக்கும் பிஸ்கட். அந்த ஊர் பிஸ்கட் டீயில் நனைக்கிற சங்கதி அல்ல, மெத்தென்ற சிறு பன். சில நிமிடங்களில் எப்படி? ஸ்மித் சமையலறைக்கே போய்க் கேட்டார். மாவு, பன்றிக் கொழுப்பு, பேக்கிங் பவுடர், உப்பு நான்கையும் முன்கூட்டியே பிசிறிப் பனிப்பெட்டியில் வைத்திருந்தார் சமையல்காரர். கேட்டதும் எடுத்துச் சுட்டுத் தருவார். ஸ்மித் அந்த யோசனையை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். பெட்டியில் கொழுப்பு சிக்கு நாற்றம் எடுக்காமலிருக்க ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயைச் சேர்த்தார்கள். நம் வனஸ்பதி வகையறா. 1931-இல் பிஸ்குவிக் கடைக்கு வந்து சக்கைப்போடு போட்டது. கம்பெனி சொல்லும் கதையில் ஸ்மித்தின் பெயர் இருக்கிறது. சமையல்காரரின் பெயர் இல்லை.

பிட்ஸ்பர்கில் டஃப் என்ற கம்பெனிக்கு வேறு சங்கடம்: விற்காத வெல்லப்பாகு. அதை மாவோடு உலர்த்திப் பொடியாக்கிய ஜான் டஃப், தண்ணீர் ஊற்றினால் கேக் ஆகும் கலவைக்கு 1930-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். முட்டையும் பொடியாக உள்ளேயே இருந்தது. ஆனால் பெண்களுக்குத் தங்கள் கையால் முட்டை உடைத்து ஊற்றுவதே பிடிக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. புதிய முட்டை சேர்க்கும் முறைக்கு 1935-இல் இன்னொரு காப்புரிமை பெற்றார். 1950களில் மனோதத்துவ நிபுணர்கள் இதைக் கண்டுபிடித்ததாக இன்றும் பல மேடைகளில் சொல்கிறார்கள். டஃப் முந்திக்கொண்டுவிட்டார்.

1933. மிசிசிப்பி ஆற்றங்கரையில் மினியாபொலிஸ். ஜெனரல் மில்ஸின் எதிரி பில்ஸ்பரி ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டது. அதில் கறுத்த வாழைப்பழத்துக்கு விடை இருந்தது. பழத்தை மசி, மாவில் கல, நீளத் தகர அச்சில் ஊற்று, சுடு. ஈஸ்ட் இல்லை, பிசைதல் இல்லை. மாவுக் கம்பெனிக்கு மாவு போகும், பொடிக்காரருக்குப் பொடி போகும், வாழைக் கம்பெனிக்குக் கறுத்த பழமும் போகும். எல்லா வியாபாரிக்கும் லாபம் தரும் பண்டம் தோற்குமா? பனானா பிரெட் நாடெங்கும் பரவியது. அவசரக்காரர்கள் அளவெல்லாம் விட்டுவிட்டுப் பிஸ்குவிக்கையோ கேக் மிக்ஸையோ பெட்டியோடு கவிழ்த்து, பழத்தையும் முட்டையையும் போட்டுக் கிளறினார்கள். அதுவும் நன்றாகவே வந்தது.

ஆனால் 1933-இன் ருசி இன்றைய துண்டில் கிடையாது. அன்று மசித்த பழம் குரோஸ் மிஷேல் என்ற ரகம். பனாமா நோய் என்ற மண்பூஞ்சை அந்தத் தோட்டங்களைத் தோட்டம் தோட்டமாகத் தின்றது. 1960களில் ஏற்றுமதிச் சந்தையிலிருந்தே அந்த ரகம் விலகி, நோய் தாக்காத கேவண்டிஷ் வந்தது. ஓர் ஆங்கிலப் பிரபுவின் கண்ணாடித் தோட்டத்தில் 1830களில் வளர்த்த செடியின் வம்சம்.

2020 ஊரடங்கில் அமெரிக்கக் கடைகளில் ஈஸ்ட் தீர்ந்துபோனது. வீட்டுக்கு வீடு பனானா பிரெட் வெந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கேவண்டிஷையும் கொல்லும் புதிய பனாமா நோய் கொலம்பியாவுக்குள் நுழைந்தது உறுதியானது. 2021-இல் பெருவுக்கும் போய்விட்டது. கேவண்டிஷின் இடத்தைப் பிடிக்க இன்னொரு ரகம் இன்னும் தயாராகவில்லை.