பழைய கார்: ஏலத்தில் எடுப்பதா, கடையில் வாங்குவதா?



ஓய்வூதிய நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பையனுக்கு ஒரு பழைய கார் எடுக்கணும். ஏலத்தில் எடுத்துத் தரேன்னு ஒரு தரகர் சொல்றார். கடையில் அதே வண்டிக்கு விலை கூடுதலா இருக்கு. எது நல்லது?"

விலையை மட்டும் பார்த்தால் தரகர் பக்கம்தான் மனம் போகும். அந்த விலை வித்தியாசம் எதற்காக என்று கேட்டால் ஒரு பழைய வரலாற்றுக்குப் போக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத குறைக்கு யார் பொறுப்பு என்ற வரலாறு அது.

நம் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 'வீஸ் காஷே' என்ற சொல் பழக்கமாக இருக்கும். மறைந்திருக்கும் குறை என்று பொருள். நெப்போலியன் காலத்தில், 1804இல் வந்த 'கோத் சிவில்' சட்டத்தின் 1641ஆம் பிரிவு, அத்தகைய குறைக்கு விற்றவரையே பொறுப்பாக்குகிறது. வாங்குகிறவர் தாமே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய குறைக்கு விற்றவர் பொறுப்பில்லை என்கிறது 1642. பிறகு 1649 ஒரு விலக்குத் தருகிறது. நீதிமன்ற அதிகாரத்தின்படி நடக்கும் விற்பனைக்கு இந்தப் பொறுப்பு கிடையாது. அங்கே எடுத்தவர் எடுத்ததுதான்.

வாங்குகிறவருக்கு இப்படிப் பாதுகாப்புக் குறைவதால்தானோ என்னவோ, ஏலம் போடும் வேலையைப் பிரான்சில் கண்டவர் கையிலும் விடவில்லை. 1556இல் இரண்டாம் ஆன்றி மன்னர் அதற்கென்று தனிப் பதவியையே உண்டாக்கினார். புரட்சிக் காலத்தில் அது ஒழிந்தது. 1801இல் பாரிசில் மறுபடி வந்தது. 'கொமிசேர் பிரிசேர்' என்ற அந்தப் பதவிக்காரர்களின் தனியுரிமையை 2000ஆம் ஆண்டுச் சட்டம்தான் தளர்த்தியது.

1954 நவம்பர் 1இல் நம் ஊர் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டப்படி உறுதியானது. பின்னர் இந்தியச் சட்டங்கள் ஒவ்வொன்றாக இங்கும் வந்தன. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. வாங்குகிறவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்பது அதன் 16ஆம் பிரிவின் பொது விதி. ஆனால் அந்தச் சரக்கைத் தொழிலாகவே விற்கும் வணிகரிடம் வாங்கும்போது சில விலக்குகளை அதே பிரிவு தருகிறது. 64ஆம் பிரிவு ஏலத்தைப் பற்றியது. சுத்தியல் விழுந்ததும் விற்பனை முடிந்தது. விற்பவர் முன்கூட்டியே சொல்லாமல் தம் ஆளை விட்டு விலையை ஏற்றினால், வாங்கியவர் அதை மோசடியாகக் கருதலாம்.

ஆக, பிரெஞ்சுச் சட்டமும் இந்தியச் சட்டமும் வேறு வேறு வாசலில் நுழைந்து ஏறக்குறைய ஒரே கூடத்துக்கு வந்து சேர்கின்றன. கடைக்காரர் தலையில் கொஞ்சம் பொறுப்பு உண்டு. ஏலத்தில் அது பெரும்பாலும் வாங்குகிறவர் தலையில். கடையில் கூடுதலாகக் கேட்கும் பணத்தில் ஒரு பங்கு இந்தப் பொறுப்புக்கான விலை.

நம் தலைமுறைக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. அம்பாசடர், பியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இவ்வளவுதான் கார். பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பழைய வண்டி தெரிந்தவர் மூலமோ மெக்கானிக் மூலமோ கை மாறும். 1983 டிசம்பரில் மாருதி வந்தது. 1991க்குப் பிறகு மற்ற நிறுவனங்களும் வந்தன. வங்கிக் கடன் பெருகியது. தவணை கட்டாத வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. 2001இல் மாருதி நிறுவனமே 'ட்ரூ வேல்யூ' என்று பழைய கார் கடை திறந்தது. ஒரே வண்டிக்கு இரண்டு சந்தை உண்டானது இப்படித்தான்.

அரசு ஏலம் அதற்கும் முந்தியது. பணியில் இருந்தபோது கழித்துக் கட்டிய ஜீப்புகளுக்கு எத்தனையோ ஏல அறிவிப்புகளைத் தட்டச்சு செய்திருக்கிறேன். "உள்ளது உள்ளபடி" என்ற வரி எல்லாவற்றிலும் இருக்கும். ஏலத்தன்று தரகர்கள் முன்பே பேசி வைத்துக்கொண்டு வருவார்கள். சிண்டிகேட் என்போம். ஒருவர் கேட்பார், மற்றவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். பிறகு வெளியே டீக்கடையில் அவர்களுக்குள் இன்னொரு ஏலம் நடக்கும். இன்று அந்தக் காட்சி இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு முடிந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிப்பதில்லை. அவை நேரே உடைப்பு நிலையத்துக்குப் போகின்றன.

பொறுப்பு என்று சொன்னேனே, அது எஞ்சினோடு முடிவதில்லை, காகிதத்திலும் உண்டு. என்னோடு வேலை பார்த்த ஓட்டுநர் ஒருவர் தம் காரைத் தரகரிடம் விற்றார். 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் பெயரை எழுதாமலே கொடுத்துவிட்டார். வண்டி நான்கு கை மாறியும் ஆர்.சி.யில் பெயர் மாறவில்லை. எங்கோ விபத்து நடந்து நீதிமன்ற நோட்டீசு இவர் வீட்டுக் கதவைத் தட்டியது. ஓய்வு பெற்று வந்த பணத்தில் பாதி வழக்குக்கே போயிற்று. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் இத்தகைய வழக்கொன்றில், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.

இதை அடைக்கத்தான் 2022 டிசம்பரில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பழைய வண்டி வணிகர்களுக்கு அங்கீகாரச் சான்று முறையைக் கொண்டுவந்தார்கள். அங்கீகாரம் பெற்ற கடைக்காரரிடம் வண்டியை ஒப்படைக்கும்போதே பதிவு அலுவலகத்துக்குத் தகவல் போய்விடும். அதன்பின் பொறுப்பு அவருடையது.

ஏலத்துக்குக் காகிதம் வேறு. அரசு ஏலத்தில் எடுத்த வண்டிக்கு 32ஆம் படிவம். அதனுடன் ஏலம் நடத்திய அதிகாரி கையெழுத்திட்ட விற்பனைச் சான்றும், ஏலத்துக்கு அனுமதி தந்த அரசாணையின் சான்றிட்ட நகலும் வேண்டும். கடன் பாக்கிக்காக எடுத்த வண்டியென்றால், நிதி நிறுவனம் முதலில் 36ஆம் படிவத்தில் தன் பெயருக்கு ஆர்.சி. வாங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவற்றுக்கு நடுவில் நிற்பவர் தரகர். கடைக்காரரைப் போல் அவர் பொறுப்பேற்பதில்லை. ஏலம் நடத்தும் அதிகாரியைப் போல் சான்றும் தருவதில்லை. கமிஷன் வாங்கியதும் அவர் வேலை முடிந்தது. அதில் குற்றம் ஒன்றுமில்லை, அவர் தொழில் அது. நல்ல மெக்கானிக் கூட வந்து பார்க்க, பழுதுக்கென்று தனியே பணமும் வைத்திருப்பவருக்கு ஏலம் லாபம்தான். சேமிப்பு முழுவதையும் ஒரே வண்டியில் போடுகிறவர் கடைக்குப் போவதே நல்லது.

தரகரிடம்தான் போவேன் என்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஏலச் சான்று யார் பெயரில் வரும்?" உங்கள் பெயரில் என்றால் மேலே பேசலாம். "முதலில் என் பெயரில் எடுக்கிறேன், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்றால், ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.