பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம்

ஓரிரு மாடு வைத்திருப்போரின் பாலை ஊரிலேயே கொள்முதல் செய்யும் அமைப்பு. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் 1946இல் வேரூன்றிய இம்முறையை, 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் நாடெங்கும் பரப்பியது. தமிழகத்தில் சங்கத்துக்கு மேல் மாவட்ட ஒன்றியம், அதற்கும் மேல் 1981இல் பதிவான இணையம். விற்பனைப் பெயர் ஆவின். லிட்டர் கணக்கில் பேசினாலும், கொழுப்பும் இதரச் சத்தும் பார்த்தே விலை முடிவாகிறது. விடியலில் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பவரின் கண், பாலின் அடர்த்தி காட்டும் லாக்டோமீட்டர் மிதக்கும் உயரத்தின் மேலேயே இருக்கும். தவிடும் புண்ணாக்கும் விலையேறினால் கொள்முதல் விலை உடனே ஏறுவதில்லை. வீட்டாரின், பெரும்பாலும் பெண்களின், உழைப்புக்குக் கூலி போட்டுப் பார்த்தால் பல தொழுவங்களில் மிஞ்சுவது கன்றும் சாணமும்தான். கறவை வற்றிய மாதங்களிலும் மாட்டுக்குத் தீனி போட்டாக வேண்டும்.