பிள்ளைகுட்டிகளோடு வடகரைக்கு

சென்னை நகரத்துக் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகளோடு ஓரிரவோ ஈரிரவோ வெளியில் தங்கி வந்த இடங்களில் மிகப் பழையவை நகரின் வடக்கே இருந்தன. கோட்டைக்கு வடக்கே ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டியே போகும் இந்தக் கரை, கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டிப் பழவேற்காடு ஏரி வரை நீள்கிறது. மேற்கே உப்பங்கழி, கிழக்கே கடல், நடுவே மணல்திட்டு. இன்று புகைபோக்கிகளாலும் கொள்கலன் லாரிகளாலும் அறியப்படும் இந்தப் பகுதி ஒரு காலத்தில் நகரம் இளைப்பாறிய இடம்.

இந்த வழக்கத்தின் மூத்த வடிவம் திருவொற்றியூர்க் கோயில் பயணம். தேவார மூவரும் பாடிய தலம் அது. புற்றுருவான ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டுமே கவசம் களையப்படும். மாசிப் பெருவிழாவில் சுந்தரர் சங்கிலியாருக்கு வாக்களித்ததை நினைவுகூரும் மகிழடி சேவை நடக்கும். இத்தகைய நாட்களில் ஜார்ஜ் டவுனிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் மக்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து சத்திரங்களில் தங்கினார்கள். வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்துக் குழந்தைகளைப் படுக்க வைப்பார்கள். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டுச்சோறாகக் கூடவே வரும். பௌர்ணமி நாளில் மேலூர்த் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் ஆகிய மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. வண்டிக் காலத்தில் அது முதல் நாள் இரவே வழியில் தங்கினால்தான் கூடிவரும்.

கோயில் என்றாலும் தரிசனத்தோடு முடிகிற பயணமாக இதைக் கொள்ளக் கூடாது. கடற்குளியல், பட்டினத்தார் சமாதி, கச்சேரி எல்லாம் அதில் அடக்கம். தியாகராஜரின் மாணாக்கரான வீணை குப்பய்யர் இங்கு வாழ்ந்தவர். அவருடைய அழைப்பில் வந்த தியாகராஜர் இத்தலத்து அம்பாள் மீது பாடிய ஐந்து கீர்த்தனைகள் திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் எனப்படுகின்றன. ஏழுகிணறுப் பகுதியில் வளர்ந்த ராமலிங்க அடிகள் இளமையில் அடிக்கடி வந்ததும் இங்குதான். வடிவுடை மாணிக்கமாலை அந்த வருகைகளின் விளைவு.

இரண்டாவது வடிவம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுடையது. எண்ணூரின் மணல்திட்டில் அவர்கள் பங்களாக்கள் கட்டினார்கள். வார இறுதியில் மனைவி மக்களோடும் வேலையாட்களோடும் வந்து தங்கி, கழியில் படகு விட்டு, இறாலும் நண்டும் உண்டு திரும்பினார்கள். பங்களா துரைகளுடையது. படகு தள்ளியவர்களும் மீன் கொடுத்தவர்களும் முகத்துவாரத்துக் குப்பங்களின் மக்கள். இந்த உல்லாசத்தின் வரலாற்றில் அவர்கள் பெயர் பதியவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

அங்கே போய்ச் சேரும் வழியைக் கால்வாய் மாற்றியது. கம்பெனி அதிகாரியும் ஒப்பந்தக்காரருமான பேசில் காக்ரேன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூருக்குச் சுமார் 11 மைல் நீளத்தில் ஒரு கால்வாயை வெட்டுவித்தார். விறகும் உப்பும் சுமக்கவே அது வெட்டப்பட்டது. ஆயினும் மணலில் சக்கரம் புதையும் வண்டிப் பாதையைவிட, பாய் விரித்தோ கரையிலிருந்து கயிற்றால் இழுத்தோ நகர்த்தப்பட்ட படகு குழந்தைகளுக்கு எவ்வளவோ சுகமானது. பின்னர் இந்தக் கால்வாய் வடக்கும் தெற்கும் நீண்டது. 1876–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையிலான பகுதி வெட்டப்பட்டு, ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆனது. காக்கிநாடாவிலிருந்து இன்றைய விழுப்புரம் மாவட்டம் வரை சுமார் 796 கிலோமீட்டர் நீர்வழி.

1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டாலும் அது மேற்கே வாலாஜாவை நோக்கித்தான் போனது. வடக்குத் தடம் அந்த நூற்றாண்டின் முடிவில் வந்தபோது எண்ணூர் காலையில் போய் மாலையில் திரும்பும் தொலைவாகிவிட்டது. அதற்குள் மலேரியாவும் பங்களாக்காரர்களை விரட்டத் தொடங்கியிருந்தது.

இந்தக் கரையின் தலையெழுத்தை மாற்றியது சென்னைத் துறைமுகம். சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் திசை மாறும். 1870களில் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் எழும்பியதும் மணலின் வழி அடைபட்டது. 1881 புயலில் உடைந்த சுவர்கள் திரும்பக் கட்டப்பட்டன. தடைப்பட்ட மணல் தெற்கே குவிந்துகொண்டே போனது. அங்கே ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் உலாச்சாலை அமைத்து அதற்கு மெரினா என்று பெயரிட்டார். வடக்கே மணல் வரவில்லை. அலை அரித்தது. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் தெருக்களும் வீடுகளும் கடலுக்குள் போயின. தென்சென்னைக்கு உலகறிந்த கடற்கரையைக் கொடுத்த அதே சுவர்தான் வடசென்னைக் குழந்தைகள் மணல்வீடு கட்டிய கரையை எடுத்துக்கொண்டது. மெரினாவைப் புகழும் நூல்கள் இந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கரையைக் காக்கப் பாறைகள் கொட்டப்பட்டன. தூண்டில் வளைவுகள் கட்டப்பட்டன. இவற்றால் எண்ணூர் விரைவுச் சாலை நிற்கிறது. ஆனால் பாறைக் குவியலில் சிறுபிள்ளையை இறக்கிவிட்டு யாரும் நிம்மதியாக உட்கார முடியாது.

பிறகு தொழிற்சாலைகள் வந்தன. 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், 1950களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு, 1960களில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம். பல்லாயிரம் குடும்பங்களுக்கு அவை சோறு போட்டன. அனல்மின் நிலையங்களின் சாம்பல் கழியில் படிந்தது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயைக் கரையில் வாளிகளால் அள்ள வேண்டியிருந்தது.

உலா போகும் வழக்கம் இதோடு அற்றுவிடவில்லை. காணும் பொங்கலன்று கட்டுச்சோற்றோடு மக்கள் எண்ணூர்க் கரைக்கு வருகிறார்கள். இன்னும் தள்ளிப் பழவேற்காட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. அங்கே 2011 டிசம்பர் 25 அன்று குழந்தைகளோடு உல்லாசமாகப் போன உறவினர் குழு ஒன்றின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிக்க ஏற்ற படகு குடும்பங்களை ஏற்றிச் செல்ல ஏற்றதல்ல என்ற எளிய பாதுகாப்புப் பாடம் அத்தனை உயிர்களுக்குப் பிறகே பேசப்பட்டது.

திருவொற்றியூரில் கார்த்திகை மூன்று நாட்களும் கூட்டம் குறையவில்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டபின் நகரிலிருந்து கோயிலுக்கு வருவது ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் பயணமாகிவிட்டது. தரிசனம் முடித்து அன்றிரவே குழந்தைகளோடு வீடு திரும்பிவிடுகிறார்கள்.